சப்பாத்துப் புல்

கன்று எழுந்து நிற்கப் பார்த்தது. முன்கால்கள் இரண்டும் சொன்னதைக் கேட்டன, பின்கால்கள் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்த சாக்குப் போல ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பனிமான் கன்று. தாய் அதை மூக்கால் முட்டி முட்டி எழுப்பிக் களைத்து, இப்போது பத்தடி தள்ளி நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"அறுபத்தோராவது. எண்ணிக்கொள். நீங்கள் ஆராய்ச்சிக்காரர், எண்ணுறதில கெட்டிக்காரர்தானே" என்றாள் மாரெத்.

மாரெத் பேசியது நோர்வே மொழி. ஆனால் தர்சிகாவின் தலைக்குள் எந்த மொழி நுழைந்தாலும் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழாக மாறித்தான் உட்காரும். பிறந்ததும் வளர்ந்ததும் நோர்வேயின் வடகோடியில், ஒரு மீன் தொழிற்சாலையின் பின்னாலிருந்த குடியிருப்பில். அப்பா மீன் வெட்டினார், அம்மா மீன் அடுக்கினாள். மகள் படித்து, நாற்பத்தொரு வயதில் தூந்திரா மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை மேய்க்கிறாள். மாரெத்துக்கும் அதே வயதுதான். அந்த நிலத்தின் பூர்வகுடி, பனிமான் மேய்க்கிற குடும்பம். "நான் மேய்க்கிறதுக்குக் காலாவது இருக்கு" என்று தர்சிகாவைக் கண்டபோதெல்லாம் பகிடி பண்ணுவாள். இந்த வசந்தத்தில் ஒருதடவைகூட அதைச் சொல்லவில்லை.

தர்சிகா கன்றின் கழுத்தில் ஊசி ஏற்றி ரத்தம் எடுத்தாள். அது கத்தக்கூட இல்லை. சின்னக் குழாயில் பெயரெழுதி ஒட்டினாள்.

"உண்மையைச் சொல்லு, தர்சி. உங்கட கிருமிதானோ?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுறன்."

"வெள்ளிக்கிழமை உனக்கு அறிக்கை. எனக்கு இன்னும் நூற்றிருபது மான் கன்று போட இருக்கு. நீ 'கிருமிதான்' எண்டால் மந்தையைக் கலைச்சுக்கொண்டு வடக்கே போயிடுவன், வழியில பத்து செத்தாலும் மிச்சம் பிழைக்கும். 'இல்லை' எண்டால் இங்கேயே இருப்பன். அவ்வளவுதான் கேக்கிறன்."

தர்சிகா புறப்படும்போது மாரெத் கொட்டிலுக்குள் போய் ஒரு புல் கட்டை எடுத்து வந்து வீசினாள். "இந்தா. உன்ர புல்லு முடிஞ்சிருக்கும்."

சப்பாத்துக்குள் வைக்கிற புல் அது. ஆறு வருடத்துக்கு முன், முதல் பனிக்காலத்தில், நிலையம் கொடுத்த விலையுயர்ந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன தர்சிகாவுக்கு இரண்டு கால்விரல் கறுத்துப்போனது. மாரெத் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, காய்ந்த கோரையை அடித்துப் பதமாக்கி, சுருட்டி, அவள் சப்பாத்துக்குள் தானே அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து கால் குளிர்ந்ததில்லை. மாரெத் வீட்டில் வருடா வருடம் ஓகஸ்ட் மாதம் ஓடைக்கரையில் இந்தக் கோரையை அறுத்துக் காயவைப்பார்கள். நீண்ட நடை என்றால் நடுவில் ஒருதடவை வியர்வையில் நனைந்த புல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப்புல் வைக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டில் ஒரு கட்டளையும் உண்டு: பழைய புல்லை நெருப்பில் போடக்கூடாது, நிலம் தந்ததை நிலத்துக்கே கொடுத்துவிட வேண்டும்.

தர்சிகா கட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கன்று மறுபடி எழும்பப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

வேதரெத்தினம் தன் அறையில் நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். திட்டத்தின் தலைவர். வேதாரண்யத்துக்காரர். அறுபத்திரண்டு வயதிலும் உட்கார்ந்து பேசத் தெரியாத மனிதர். தர்சிகாவின் தமிழை அவர் கேலி செய்வார், அவருடைய தமிழை இவள் கேலி செய்வாள். அந்த வெறும் பனிவெளியில் இரண்டு பேருக்கும் அது ஒரு பெரிய ஆறுதல்.

"வாம்மா. ரத்தம் என்ன சொல்லுது?"

"செம்பு இல்லை, சேர். இருக்க வேண்டியதில கால்வாசிகூட இல்லை. செம்பு இல்லாட்டித் தாய் வயித்துக்குள்ளேயே கன்றின்ர முதுகு நரம்பு வளராது. பின்கால் விழுந்திடும்."

"ம்."

"எங்கட பசியன் செம்பு தின்னுறவன்."

பசியன் என்பது அவர்கள் வைத்த செல்லப்பெயர். காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்வதில்லை. உறைந்த நிலம் இளக இளக, ஆயிரமாயிரம் வருடமாக அதற்குள் அடைந்து கிடந்ததெல்லாம் அழுகி மீத்தேனாக மேலே வந்துகொண்டிருந்தது. உலகத்தின் காய்ச்சலை ஏற்றிவிடுகிற வாயு. அதைச் சாப்பிட்டு உயிர்வாழும் கிருமிகள் தூந்திரா மண்ணில் எப்போதும் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து, ஐந்து வருடம் வளர்த்து, குளிரிலும் நாற்பது மடங்கு தின்னுகிறதாக ஆக்கியிருந்தார்கள். அதுதான் பசியன்.

"பசியன் மட்டுமா? மீத்தேன் தின்னுற பயலுவ எல்லாருக்கும்தான் செம்பு வேணும்" என்றார் வேதரெத்தினம். "அரிசி இருக்கு, அடுப்பு இருக்கு, தீப்பெட்டி வேணாமா? அந்தத் தீப்பெட்டிதான் செம்பு. மண்ணுல எங்க ஒட்டிக்கிட்டிருந்தாலும் கொக்கி போட்டு இழுத்துக்கும். இவனோட பாட்டன் பூட்டன்லாம் அதத்தான் செஞ்சானுவ."

"நாற்பது மடங்கு பசி எண்டால் நாற்பது மடங்கு கொக்கி. மிச்சம் இருக்கிற செம்பு புல்லுக்குப் போகாது. புல்லில இல்லாட்டி மானுக்கும் இல்லை."

"சரி, ஒத்துக்கறேன். இப்ப நீ எனக்கு ஒரு பதில் சொல்லு. மூணு வருஷத்துக்கு முந்தி மேலைச் சதுப்புல நாம பசியன விட்டோம். அதச் சுத்தி மேயுற மாரெத் மந்தையில கன்னு விழுது. நாப்பது கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் கீழைச் சதுப்பு. அத நாம தொடவே இல்ல, ஒப்பிட்டுப் பாக்கத்தான் சும்மா வச்சிருக்கோம். அங்க மேயுற மந்தையில எத்தனை கன்னு விழுந்துச்சு?"

"ஐம்பத்தெட்டு."

"பசியன் இல்லாத எடத்துல அம்பத்தெட்டு. இருக்கற எடத்துல அறுபத்தொண்ணு. அப்ப யார் காரணம்? மழை மாறிடுச்சு, மண்ணு மாறிடுச்சு, ஆயிரம் இருக்கு. பசியன் இல்ல."

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், தர்சிகாவுக்கு நிம்மதியாகவே இருந்தது. எட்டு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை ஆறு வடநாடுகளின் கூட்டுக்குழு கூடுகிறது. பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் அவள் கையெழுத்திட்டால், வடதுருவத்தைச் சுற்றியிருக்கும் சதுப்பு முழுவதும் விமானத்திலிருந்து பசியனைத் தூவுவார்கள்.

"கீழைச் சதுப்பு மண்ணில பசியன் இல்லையெண்டு கடைசியா ஒருக்கா பாத்திட்டுக் கையெழுத்து வைக்கிறன்" என்றாள்.

"பாத்துட்டு வா. வருஷா வருஷம் நாலு மூலையிலயும் பாக்கறதுதான."

*

மறுநாள் காலை அவள் மலையின் அந்தப் பக்கம் இறங்கினாள். சதுப்பின் எல்லையில் ஒரு தொட்டியும் தூரிகையும் இருந்தன. யார் உள்ளே போனாலும் சப்பாத்தின் அடியையும் பக்கங்களையும் கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு இடத்து மண் இன்னோர் இடத்துக்குப் போகக்கூடாது. அந்த விதியை எழுதியவளே தர்சிகாதான். கழுவாமல் உள்ளே கால் வைத்த ஒரு பேராசிரியரைப் பார்த்து அவள் போட்ட சத்தம் இன்றும் நிலையத்தில் பிரபலம்.

நான்கு மூலையிலும் மண் எடுத்தாள். கையடக்கக் கருவி நான்கிலும் பசியன் இல்லை என்றது. பிறகு நடுவிலிருந்த வாயு அளக்கும் பெட்டியருகே போனாள். மீத்தேன் இங்கேயும் குறைந்துதான் வந்தது, மூன்று வருடமாக. 'பழைய கிருமிகளே சூட்டில் உற்சாகமாகிவிட்டன' என்று அதற்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். நல்ல செய்தியை யார் துருவிக் கேட்பார்கள்?

பெட்டிக்குப் பக்கத்தில் தட்டையான ஒரு கல். ஆறு வருடமாக அவள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் கல். இன்றும் உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள், நனைந்த புல்லை உருவி எடுத்தாள், பின்னால் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் எறிந்தாள். மாரெத்தின் கட்டிலிருந்து புதுப்புல்லைச் சுருட்டினாள்.

சுருட்டிய கை அப்படியே நின்றது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கல்லுக்குப் பின்னால் அவள் எறிந்த புல் கிடந்தது. அதற்கடியில் போன மாதத்துப் புல். அதற்கும் அடியில் ஆறு வருடத்துப் புல், மக்கி மண்ணாகிப் போனது. அந்த இடத்தைச் சுற்றி முளைத்திருந்த கோரையின் நுனிகள் வெளுத்து முறுகியிருந்தன. செம்பு கிடைக்காத புல் அப்படித்தான் இருக்கும். அவளே படம் எடுத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

மாரெத் புல் அறுக்கிற ஓடைக்கரை எது?

அவளுக்கு அது தெரியும். மாரெத்தே கைநீட்டிக் காட்டியிருக்கிறாள். மேலைச் சதுப்பின் நடுவே ஓடும் ஓடை. மான் போகாமலிருக்க வேலி போட்டார்கள், ஆளுயர வேலி. மனிதர் திறந்து போக அதில் ஒரு கதவு இருந்தது. மனிதருக்கென்று ஒரு படிவம் இருந்தது. 'இந்த எல்லைக்குள்ளிருந்து எதையும் எடுத்துச் செல்ல மாட்டேன்: பழம், காளான், மீன், விறகு, இறைச்சி.' மாரெத் அதில் கையெழுத்துப் போட்டாள், எழுத்துத் தவறாமல் நடந்தும் கொண்டாள். படிவத்தில் புல் இல்லை. வேலைக்கு வந்த முதல் மாதம் எழுதிய படிவம்; சப்பாத்துக்குள் புல் வைக்கிற மனிதர் உண்டென்று அதை எழுதியவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு திருத்த வேண்டுமென்று தோன்றவில்லை. எழுதியவள் தர்சிகாதான்.

சப்பாத்தின் வெளிப்புறத்தை ஆறு வருடமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே இருந்ததை யார் கழுவினார்கள்? ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி. அவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே குழாய்களை எடுத்தாள்.

கல்லிலிருந்து ஒவ்வொரு இருபதடிக்கும் ஒரு பிடி மண். எட்டுத் திசையிலும். கல்லடியில் கருவி பசியன் என்றது, கொழுத்த பசியன். விலகிப் போகப் போக மெல்லக் குறைந்தது. தண்ணீர் வழிந்தோடும் பள்ளத்துப் பக்கம் மட்டும் குறையவே இல்லை. மந்தை மேய்வதும் அந்தப் பக்கம்தான். நான்கு மூலைகளும் மேட்டில் இருந்தன. மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பசியனும் ஏறவில்லை.

*

அவசரப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மிச்சப் புல்லை ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தாள், தண்ணீர் தெளித்தாள், மீத்தேன் விட்டு மூடினாள். காய்ந்த புல்லில் பசியன் கூடு கட்டிக்கொண்டு தூங்கும் என்பது அவள் யூகம். கால் வியர்வையின் ஈரமும் சூடும் பட்டால் விழிக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது குடுவையில் மீத்தேன் பாதிக்கு வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை வேதரெத்தினத்தின் மேசையில் குடுவையை வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தார்.

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு எங்க ரெண்டு பேருக்கும்."

அவர் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்கப்பா உப்பளத் தொழிலாளி. தெரியும்ல? கணுக்கால் வெடிச்சு ரத்தம் வரும், அதுலயே உப்புத் தண்ணி படும். அவரு உப்பு வாருன பாத்தி இன்னிக்கு ஆறடிக் கடல் தண்ணிக்கு அடியில கெடக்கு. தெரு போச்சு. எங்க பள்ளிக்கூடம் போச்சு. எங்கக்கா இப்ப அகதி முகாம்ல இருக்கா, சொந்த மாவட்டத்துலயே. நீயும் அகதி வீட்டுப் பொண்ணு, ஒனக்கு நான் சொல்ல வேணாம்."

"சேர்..."

"சொல்லி முடிச்சுடறேன். பசியன் வேலை செய்யறான். அதுல சந்தேகம் இருக்கா?"

"இல்லை."

"இவன வடக்கு முழுக்க விட்டா, கடல் ஏறுறது பாதிக்குப் பாதி நிக்கும். மான் கன்னுக்குச் செம்பு மாத்திரை குடுக்கலாம்மா. நான் என் கையால ஊட்டுறேன். கடலுக்கு நீ என்ன மாத்திரை குடுப்ப?"

அவள் குடுவையை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"மாத்திரை மானுக்குக் குடுக்கலாம், சேர்" என்றாள். "முயலுக்கு ஆர் குடுக்கிறது? எலிக்கு? அதைத் தின்னுற பறவைக்கு? இறைச்சியையே தின்னு வளருற பிள்ளையளுக்கு? எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாது எண்டு எழுதாமல் 'பாதுகாப்பானது' எண்டு எழுதச் சொல்லுறியள்."

"நான் எதையும் எழுதச் சொல்லல." அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒன் கையெழுத்து, ஒன் மனசாட்சி. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா பேனாவ எடுக்கும்போது எங்கக்காவையும் ஒருதடவ நெனச்சுக்க. அது போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிற ஆளாக இருந்திருந்தால், கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருக்கலாம். அவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. தர்சிகா கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

*

மாரெத்திடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அன்றே மத்தியானம் போனாள். மாரெத் வேலியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"என்ர புல்லாலயோ?" என்றாள் பிறகு.

"புல்லில பிழையில்லை. படிவத்தில புல்லை எழுதாமல் விட்டது நான்."

"எங்கட அம்மா அறுத்த கரை. அவவின்ர அம்மாவும் அங்கதான் அறுத்தவ." மாரெத் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள். "இதைப் போட்டுக்கொண்டுதான் மூன்று வருஷமா கன்று போடுற பட்டிக்குள்ள நடக்கிறன். மான் காலடியில நானே கொண்டுவந்து கொட்டியிருக்கிறன். வேலி போட்டு மானைத் தடுத்தியள். மேய்க்கிறவளை ஆரும் தடுக்கேல்லை."

சட்டென்று உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, புல்லை உருவி எடுத்தாள். எறியப் போனவள் எறியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் புல்லை எங்கே போடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தர்சிகா தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து விரித்துப் பிடித்தாள். மாரெத் புல்லை அதற்குள் போட்டாள்.

"மந்தையை வடக்கே கொண்டுபோ" என்றாள் தர்சிகா. "இண்டைக்கே. புதுச் சப்பாத்துப் போடு, புல்லு வேண்டாம். நாளைக்கு அறிக்கையில எல்லாம் எழுதுறன். எங்கேயும் இதை விடக்கூடாது எண்டு எழுதுறன்."

"எழுதினால் நிக்குமோ?"

"நிக்கும். என்ர கையெழுத்தில்லாமல் ஒரு விமானமும் எழும்பாது."

மாரெத் தலையாட்டினாள். எழுந்து கயிறுகளைச் சுருட்டத் தொடங்கினாள். பாதியில் கயிறு கையிலிருக்கத் திரும்பினாள்.

"அதுசரி, மற்றக் கட்டெல்லாம் எங்கே?"

"எந்தக் கட்டு?"

"போன செப்டெம்பர். உங்கட நிலையத்துக்கு வெளிநாட்டு ஆக்கள் வந்தவையே? நீ வந்து முப்பது கட்டு வாங்கிக்கொண்டு போனனி. எனக்கே பனிக்காலத்துக்குக் குறைஞ்சு போச்சு."

தர்சிகா கையிலிருந்த உறையைப் பார்த்தாள்.

அவள் வீட்டில் அம்மாவின் சட்டம் ஒன்று உண்டு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. மீன் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒன்றுமே இல்லாத நாளிலும், வருகிறவர் போகும்போது நாலு வடையையாவது காகிதத்தில் சுற்றிக் கொடுத்துத்தான் அனுப்புவாள் அம்மா. செப்டெம்பரில் ஆறு நாடுகளிலிருந்தும் முப்பது பேர் பசியனைப் பார்க்க வந்தார்கள். எல்லோரும் பனியில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல பரிசு எது? ஒவ்வொரு கட்டையும் சிவப்பு நாடாவால் கட்டி, அவளே ஆசையாக ஒரு சின்ன அட்டையும் எழுதி வைத்தாள். எப்படி அடிப்பது, எப்படிச் சுருட்டுவது, எப்போது மாற்றுவது. கடைசி வரியில் மாரெத் வீட்டுக் கட்டளை.

அங்கேயே வேலியில் சாய்ந்துகொண்டு தொலைபேசியை எடுத்தாள். பட்டியலில் முதலில் நின்ற பெயர் ஐத்தலீனா. சைபீரியாவில், யகூத்தியாவின் சதுப்புகளில் வேலை செய்பவள். கொடுத்த கட்டை முகர்ந்து பார்த்துச் சிரித்தவள்.

மணி அடித்தது. எடுத்தாள்.

"ஐத்தலீனா, நான் தர்சிகா. ஒரு சின்னக் கேள்வி. நான் தந்த புல்லு... அதைப் பாவிச்சனியோ?"

"தர்சிகா! உன்னை நினைக்காத நாளில்லை" என்றது அந்தப் பக்கக் குரல், அவ்வளவு சந்தோஷத்தோடு. "பனிக்காலம் முழுக்க அதுதான். கால் சுடச்சுட இருந்துது. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைச்சுக் குடுத்தன். இனி நாங்களும் எங்கட கோரையை அறுக்கப் போறம்."

"பழசை என்ன செய்தனீங்கள்?"

"அதென்ன கேள்வி? நீ எழுதினபடிதான். ஒண்டையும் எரிக்கேல்லை. போற இடமெல்லாம் நிலத்துக்கே குடுத்திட்டம்."

மாரெத் என்ன என்பது போல் பார்த்தாள். தர்சிகா தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த பெயரை அழைத்தாள், அதற்கடுத்ததை அழைத்தாள். அலாஸ்காவில் மூன்று பேர். கிரீன்லாந்தில் இரண்டு. கனடாவில் ஒருத்தர் அதைத் தொடவே இல்லை, சுவரில் அழகுக்காகத் தொங்கவிட்டிருந்தார். அவருக்கு மட்டும் இவள் இரண்டு தடவை நன்றி சொன்னாள், அவருக்குக் காரணம் விளங்கவில்லை. மாரெத்தின் மந்தை வடக்கே போய்ச் சேரப்போகிற மேட்டிலும் ஒருவர் இருந்தார். அவரும் கால் சூடாக இருந்தது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கை திரையில் திறந்திருந்தது. வேதரெத்தினம் பக்கத்தில் வந்து நின்றார். அவரிடம் முன்னமே சொல்லியிருந்தாள். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அவள் தோளில் கைவைத்துவிட்டு எடுத்தார்.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. 'இந்த உயிரைத் திறந்த நிலத்தில் விடலாமா?' எதிரே இரண்டு கட்டங்கள், ஆம் என்றும் இல்லை என்றும். தர்சிகா இரண்டையும் தொடவில்லை. கீழே குறிப்புக்கென்று விட்டிருந்த இடத்தில் எழுதினாள்: போன செப்டெம்பரிலேயே விட்டாயிற்று.

அதற்குக் கீழே முப்பது பெயர்களையும், ஒவ்வொருவரும் நடந்த இடங்களையும் எழுதினாள். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முப்பத்தோராவது வரியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள்.